ஒன்றரை மாதத்தில் பர்மனென்ட் ஆனேன்

‘பர்மனென்ட்’ என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன லீவில் வடலூரில் ஒரு பல் டாக்டர், “இந்தப் பல்லுக்கு பர்மனென்ட்டா ஒரு மூடி போட்டுடலாமா?” என்று கேட்டார். “டெம்பரவரியே போதும்!” என்று கத்திவிட்டேன். பாவம், மனிதர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார். அந்தச் சொல்லை நம்பி நான் ஒரு தெருவுக்கே பிரியாணி போட வைத்தவள் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

ஊரை ஏமாற்றினேன் என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஏமாற்றுவதற்கு மூளை வேண்டும். அது இல்லாததால்தான் எல்லாம் நடந்தது.

எங்கள் வீடு வடக்குத்து என்கிற ஊரில். நெய்வேலி நகரியத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நம்பர் போட்ட பிளாக்குகள், குவார்ட்டர்ஸ், நிழல் விழும் தெருக்கள், பர்மனென்ட் ஆட்கள். இந்தப் பக்கம் நாங்கள், கான்ட்ராக்ட். (ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு எங்கள் பக்கம் மாடி வீடு கட்டிக்கொண்டு வருவார்கள். அப்போதும் அவர்கள் ரிட்டயர் ஆன பர்மனென்ட். எங்களோடு சேர்த்தி இல்லை.) பர்மனென்ட் ஆளுக்கு ஒரு நம்பர் உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டா, குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட்டா, பிள்ளைக்கு ஸ்கூலா, எல்லாவற்றுக்கும் அந்த நம்பர்தான். ரிட்டயர் ஆன பிறகு பென்ஷனும் அந்த நம்பரின் பின்னாலேயே வரும். பெண் பார்க்க வந்தால் மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் கேட்கிற கேள்வி, “பர்மனென்ட்டா?” என்பது. இல்லை என்றால் காபி ஆறிப்போகும்.

என் அத்தா காதர் மொய்தீனுக்கு நம்பர் கிடையாது. கேட் பாஸ்தான். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற வேலை, இருபத்தாறு வருஷம். ஒவ்வொரு கான்ட்ராக்டர் மாறும்போதும் பாஸும் மாறும், ஆளும் அன்றைக்குத்தான் வேலையில் சேர்ந்தவர் ஆகிவிடுவார். பி.எஃப். பிடித்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கான்ட்ராக்டரிடமும் பிடித்தது எங்கெங்கே கிடக்கிறது என்று தேடிப்பிடிக்க அத்தாவுக்கு இன்னொரு ஆயுசு வேண்டும். வீட்டில் எதற்கும் அவர் பேச்சு ஒன்றுதான்: “பர்மனென்ட் பண்ணட்டும், பாத்துக்கலாம்.” சுவருக்குப் பூச்சு, அம்மாவின் கண் ஆபரேஷன், எனக்கு சைக்கிள், எல்லாமே பர்மனென்ட்டுக்காகக் காத்திருந்தன. சைக்கிள் வராமலேயே எனக்குச் சைக்கிள் ஓட்டுகிற வயது போய்விட்டது.

நான் நர்ஸிங் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஒரு வருஷம் ஜப்பான் மொழி படித்து, ஜப்பானில் ஒரு சிற்றூரில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போனேன். ஐந்து வருஷ விசா. போய்ச் சேர்ந்த வாரமே கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துவதற்கு என் பெயர் செதுக்கிய ஒரு குட்டி முத்திரை கொடுத்தார்கள். ‘ஷமீமா’ என்பது அந்த எழுத்தில் மூன்று கம்பிவலைத் துண்டுகள் மாதிரி இருந்தது. அதைக் கையில் பிடித்ததும் எனக்குப் பாதிக் கலெக்டர் ஆகிவிட்ட நினைப்பு.

ஒன்றரை மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. அரசாங்க முத்திரை, கனமான தாள், கூடவே ஒரு கையேடு. பக்கத்துக்குப் பக்கம் படங்கள், அட்டவணைகள். எனக்குப் படிக்க முடிந்தது இரண்டே இரண்டு: ‘பென்ஷன்’ என்ற சொல்லும், பத்து இலக்கத்தில் ஒரு நம்பரும்.

மேற்பார்வையாளர் பக்கத்து அறையில்தான் இருந்தார். கேட்டிருக்கலாம். கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கேட்டிருக்கலாம். கையேட்டை அகராதி வைத்துப் படித்திருக்கலாம். எதையும் செய்யவில்லை. நெய்வேலிக்காரிக்கு பென்ஷன் நம்பர் என்றால் என்ன என்று யார் சொல்லித்தர வேண்டும்? நேராக அத்தாவுக்கு போன் போட்டேன்.

“அத்தா, எனக்கு பென்ஷன் நம்பர் வந்துடுச்சு.”

“நம்பரா?”

“ஆமாத்தா. பத்து எண்ணு. சம்பளத்துலயே புடிக்கிறாங்க.”

“அப்ப... பர்மனென்ட் பண்ணிட்டாங்களா?”

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்த இருபத்து மூன்று வயதுக் கழுதையின் காதைப் பிடித்துத் திருகவேண்டும்போல இருக்கிறது. “அப்படித்தான் நெனைக்கறேன், கேட்டுச் சொல்றேன்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கழுதை சொன்னது: “ஆமாத்தா. பண்ணிட்டாங்க.”

“ஒண்ணரை மாசத்துலயா?” என்றார் அத்தா. அப்புறம் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். “அத்தா அழுதுகினு கீறாருடி” என்றாள் அம்மா.

கடிதத்தையும் கையேட்டையும் தபாலில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்! ஜெராக்ஸ்கூட எடுத்துக்கொள்ளாமல் அசலையே அனுப்பினேன். வடலூரில் கொடுத்து இரண்டையும் பிரேம் போட்டு, நடு ஹாலில், பூச்சு இல்லாத சுவரில் மாட்டினார்.

எட்டு மாதம் நான் பர்மனென்ட்டாக வாழ்ந்தேன். முகவரி மாற்ற நகராட்சி அலுவலகத்துக்குப் போன அன்றுதான் இடி விழுந்தது. என் பக்கத்தில் நேபாளத்துப் பையன் ஒருவன், காலேஜில் படிப்பவன், அதே பென்ஷன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படிக்கிற பையன், கட்டப் பணமில்லை, விலக்கு கேட்டு வந்திருக்கிறான். நான் பெரிய மனுஷி மாதிரி, “நீயும் பர்மனென்ட்டா?” என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “நான் ஒரு ஹோட்டல்ல தட்டு கழுவறேன் அக்கா, பகுதி நேரம்” என்றான்.

கவுன்ட்டர் அம்மாள் படம் போட்ட ஒரு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். இருபது வயதிலிருந்து அறுபதுக்குள் இந்த நாட்டில் குடியிருக்கிற எல்லோரும் பென்ஷனில் சேர்ந்தாக வேண்டும். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, என்ன வேலையாக இருந்தாலும் சரி. குறைந்தது பத்து வருஷக் கணக்கு இருந்தால்தான் வயதான பிறகு பென்ஷன்.

“உங்கள் விசா எத்தனை வருஷம்?” என்று கேட்டார்.

“ஐந்து.”

சிரித்தார். அந்த ஊரில் கெட்ட செய்தி சொல்லும்போது அப்படித்தான் மெதுவாகச் சிரிப்பார்கள். நாட்டைவிட்டுப் போகும்போது மனுப் போட்டால் கட்டியதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்றார். எனக்கு வந்ததே கோபம்! ஐந்து வருஷம் மட்டும் இருக்கச் சொல்லிவிட்டுப் பத்து வருஷம் கட்டினால்தான் தருவேன் என்பது எந்த ஊர் நியாயம்? மூன்று வேளை சோறு என்று போர்டு மாட்டிவிட்டு, முதல் வேளை முடிந்ததும் இலையை எடுக்கிற கதையல்லவா இது? இதையெல்லாம் ஜப்பான் மொழியில் திட்ட வார்த்தை தெரியாமல், இரண்டு முறை குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கே அத்தாவிடம் சொல்லியிருக்க வேண்டும். லீவுக்கு இன்னும் நாலு மாதம்தானே, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். போனில் தினமும் அவர், “இன்னா பர்மனென்ட்டு, சாப்ட்டியா?” என்று கேட்கும்போது, “ம்” என்றேன். நாலு மாதம், தினம் ஒரு ‘ம்’.

ஊர் வந்து இறங்கினேன். எங்கள் தெருமுனையில் ஒரு பிளெக்ஸ். நடுவில் என் பாஸ்போர்ட் போட்டோ, தூக்கத்தில் எழுப்பிய முகம். ஒரு பக்கம் புல்லட் ரயில், மறுபக்கம் சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சச மெஷின். அந்த மெஷினுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. கீழே, ‘ஜப்பான் நாட்டில் ஒன்றரை மாதத்தில் பர்மனென்ட் ஆகி வடக்குத்துக்குப் பெருமை சேர்த்த சிங்கப்பெண்ணே வருக வருக!’ நான் ஆட்டோவில் தலையைக் குனிந்துகொண்டேன். ஆட்டோக்காரர், “நீங்கதானுங்களா அது?” என்று கேட்டு, வாடகையில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார். அந்தப் பத்து ரூபாய் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

அன்று அத்தாவுக்கு முதல் ஷிப்ட். ஆனால் அவர் வீட்டில் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஹாயாக உட்கார்ந்திருந்தார்.

“ஷிப்ட் போவலியாத்தா?”

“அதெல்லாம் முடிஞ்சுது மா,” என்று சிரித்தார். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள். என்னை ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்துவர அத்தா இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறார். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர், அத்தாவைவிடப் பதினைந்து வயது சின்னவன், “ஏண்டா காதரு, உம் பொண்ணு இன்னா மந்திரியா?” என்றிருக்கிறான். இருபத்தாறு வருஷமாக இந்த மாதிரி எத்தனையோ ‘டா’வைக் கேட்டுக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கியவர், அன்றைக்கு ஹெல்மெட்டைக் கழற்றி அவன் மேசைமேல் வைத்திருக்கிறார். “இன்னியோட என்னை டான்னு கூப்புடாத. காதர் பாய்னு கூப்புடு. எம் பொண்ணு பர்மனென்ட்டு” என்று சொல்லி, கேட் பாஸையும் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

“அத்தா ஏர்போர்ட்டுக்கும் வரலியேம்மா?”

“பிரியாணிக்கு ஆடு பாக்கப் போய்ட்டாரு.”

ஒரு போன், ஒரே ஒரு போன் நான் போட்டிருந்தால் அந்த ஹெல்மெட் அவர் தலையிலேயே இருந்திருக்கும். உண்மையைச் சொல்லவேண்டிய நேரம் அதுதான். ஆனால் வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். பிரியாணி முடியட்டும் என்றேன் எனக்குள். (கோழைக்கு நல்ல நேரம் என்று ஒன்று வருவதே இல்லை.)

ஞாயிறு மதியம். ஷிப்ட் முடித்து கரி அப்பிய சட்டையோடு அத்தாவின் கூட்டாளிகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். என்னைப் பந்தலுக்கு நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், புதுப்பெண் மாதிரி. ஏழுமலை அண்ணன் முதலில் கேட்டார். அவரும் அத்தாவோடு பெல்ட்டுக்கு அடியில் இருபத்திரண்டு வருஷம்.

“பாப்பா, நெசமாவே ஒண்ணரை மாசந்தானா?”

தலையாட்டினேன். அவர் கையிலிருந்த சோற்றைத் திரும்ப இலையில் வைத்தார். பொறாமை இல்லை அது. கணக்குப் போடுகிற முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஓடியிருக்கலாம். அதற்குள் பழனிவேல் சார் கை கழுவிக்கொண்டு ஹாலுக்குள் போய்விட்டார். நாலு வீடு தள்ளி மாடி வீடு கட்டியிருப்பவர், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ரிட்டயர் ஆனவர். எழுத்து இருக்கிற எந்தத் தாளையும் சும்மா விட மாட்டார். வடை மடித்துத் தருகிற பேப்பரைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் கசக்குவார். பிரேம் போட்ட கையேட்டின் முன்னால் நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தார். எந்த மொழியையும் தமிழாக்குகிற அந்தச் சனியன் அவர் போனில் இருந்தது.

“ஷமீமா, இதுல பர்மனென்ட்னு எங்கயும் போடலியேம்மா?” என்று பந்தலுக்குக் கேட்கும்படி சொன்னார். பிறகு படிக்கவும் ஆரம்பித்தார். “‘வெளிநாட்டு மனிதனும் உட்பட, இங்கே வாழ்ந்துகொண்டிருக்கும் அனைத்து மனிதனும் சேர்தல் கட்டாயம்.’ சரி. ‘பத்து ஆண்டு நிரம்பாத மனிதன் முதுமை அடைந்தாலும் பெற இயலாது.’ சரி... ஏம்மா, உன் விசா எத்தன வருஷம்?”

இதே கேள்வி இரண்டாவது முறையாக என்னிடம் வருகிறது. இந்தத் தடவை கேட்டவர் சிரிக்கவில்லை.

“அஞ்சு, சார்.”

“அப்ப நீ கான்ட்ராக்ட்தான?”

அத்தா கையில் தயிர்ப் பச்சடி வாளியோடு நின்றுகொண்டிருந்தார். பழனிவேல் சாரின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாலு மாதமாகச் சொல்லாமல் இருந்தவள் நான், ஆத்திரம் அவர்மேல்! எழுந்து நின்றேன். அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்க, கத்தினேன்.

“ஆமா சார், கான்ட்ராக்ட்தான்! எனக்கு நாலு மாசமா தெரியும். அங்க எல்லாருக்கும் அந்த நம்பர் குடுக்கறாங்க. வயசானவங்களுக்கு மூத்திரம் தொடைக்கிற எனக்கும் குடுக்கறாங்க. ஹோட்டல்ல தட்டு கழுவற பையனுக்கும் குடுக்கறாங்க. அது ஒண்ணும் பெருமை இல்ல. போதுமா? அந்த பிளெக்ஸக் கிழிச்சுப் போடுங்க!”

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலை அண்ணன்தான் மெதுவாகக் கேட்டார்.

“இன்னா பாப்பா சொல்ற? கான்ட்ராக்ட்டுக்கும் பென்ஷன் நம்பரா?”

“ஆமாண்ணே.”

“தட்டு கழுவறவனுக்கும்?”

“ஆமாண்ணே.”

“கான்ட்ராக்டர் மாறுனா?”

“மாறுனாலும் அதே நம்பர்தாண்ணே. சாவற வரைக்கும் அதே நம்பர்.”

ஏழுமலை அண்ணன் பக்கத்து ஆளைப் பார்த்தார். பக்கத்து ஆள் அவருக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தார். “இதப் போயி ஏம்மா மறைச்ச?” என்றார். “இதுக்குல்ல பிளெக்ஸு வெக்கணும்!”

பொய்யைச் சொன்னபோது ஒரே ஒருத்தி உயர்ந்தாள், கேட்டவர் சோற்றைக் கீழே வைத்தார். உண்மையைச் சொன்னதும் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இது தெரியாமல் நான் நாலு மாதம் வெட்கப்பட்டிருக்கிறேன். எதற்கு வெட்கப்பட வேண்டும், எதற்குக் கோபப்பட வேண்டும் என்றுகூடத் தெரியாத ஒரு ஜன்மம்!

பிரியாணி மீதி இல்லாமல் தீர்ந்தது. நியாயம் பேசப் பேச நன்றாகப் பசிக்கும் போலிருக்கிறது. பழனிவேல் சாரை நடுவில் உட்கார வைத்து, பிரேமைப் பிரித்துக் கையேட்டை எடுத்துக் கொடுத்து, முழுவதையும் வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

ஊரில் செய்தி பரவ ஒரு நாள் போதும். செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசரிடமிருந்து ஆள் வந்தான். “பொண்ணு பர்மனென்ட் இல்லியாமே? வரச் சொல்லு, சேத்துக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருந்தான். அத்தா முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், “போயிடுங்கத்தா. என்னாலதான” என்றேன்.

“டான்னு கூப்புடாதன்னு சொல்லிட்டு வந்துகீறேன் மா,” என்றார். “திரும்பப் போனா அந்தப் பேச்ச வாபஸ் வாங்கணும். எங்கிட்ட பர்மனென்ட்டா கீறது அந்த ஒரு பேச்சுதான்.”

போகவில்லை. பக்கத்து ஊர் முந்திரிக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ‘பாய்’ என்று கூப்பிடுகிறார்கள். சம்பளம் குறைவு. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே கோபம் வரும். அதற்காகவே வெறி பிடித்த மாதிரி படித்து, அந்த நாட்டுப் பராமரிப்புத் தேர்வில் பாஸ் செய்து, விசாவை நீட்டிக்கொண்டேன். இப்போது ஏழாவது வருஷம். ஐந்து வருஷத்தில் அனுப்பிவிடலாம் என்று பார்த்தவர்களிடம் பத்து வருஷத்தை முடித்துக் காட்டாமல் ஊர் திரும்பப் போவதில்லை.

அந்த பிரேம் இன்னும் நடு ஹாலில்தான் இருக்கிறது. கழற்றச் சொன்னால் அத்தா கேட்பதில்லை.

பிரியாணி போட்ட அந்த வருஷம் நவம்பரில், பாங்குக்குக் கிளம்பிய பழனிவேல் சாரிடம், எங்கே போகிறீர்கள் என்று அத்தா கேட்டிருக்கிறார். உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்றாராம் சார். “நாம உசுரோட கீறமான்னு வருஷா வருஷம் கேக்கறதுக்கு ஒரு ஆபீஸா!” என்று அத்தா அசந்துபோயிருக்கிறார். அன்று சாயங்காலம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, பிரேமுக்குக் கீழே விறைப்பாக நிற்கிறார். கீழே எழுதியிருந்தது: ‘உயிர்ச் சான்று. காதர் மொய்தீன், உயிருடன் உள்ளேன்.’

நான் ஒரு தாளில் ‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுதி, என் முத்திரையைக் குத்தி, படம் எடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது சட்டம். ஒவ்வொரு நவம்பரும் சான்று வரும், நான் குத்தி அனுப்புவேன். சொந்தக்காரர்கள் கூடினால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன நவம்பரில் ஷிப்ட் மேல் ஷிப்ட். சான்று வந்து மூன்று நாளாகியும் நான் முத்திரை குத்தி அனுப்பவில்லை. இல்லத்தில் ஒரு பாட்டிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“இன்னாங்க மேடம்,” என்றார் அத்தா. “உசுரோட கீறவன எத்தினி நாளு காக்க வெப்பீங்க? இருபத்தாறு வருஷம் பத்தாதா?”

பாட்டியின் வாயைத் துடைத்துவிட்டு, பையைத் திறந்து முத்திரையை எடுத்தேன். தாள் கிழிகிற மாதிரி ஓங்கிக் குத்தினேன்.